துரை குளித்த அறை

பருத்திக்கொட்டை மூட்டையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் அது என் புத்தியில் பட்டது. நான் உட்கார்ந்திருப்பது ஒரு குளியலறை.

இது திடீரென்று தோன்ற வேண்டிய விஷயமா என்று கேட்கிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அவிநாசி சாலையிலிருந்து பிரிகிற மண்தடத்தில் உள்ளே போனால் எங்கள் ஊர். ஊரிலேயே பெரிய வீடு எங்களுடையது. அதன் முன்வாசலுக்குப் பக்கவாட்டில், வீட்டோடு ஒட்டாமல், ஓடு போட்ட சிறிய அறை ஒன்று உண்டு. என் தாத்தா காலத்தில் சப் கலெக்டர் துரை ஒருவர் எங்கள் ஊரில் முகாம் போட்டாராம். துரை குளிக்க வேண்டுமே என்று அவசர அவசரமாகக் கட்டியது. துரை போன பிறகு, இனி வருகிற ஒறம்பரைக்கெல்லாம் ஆகட்டும் என்று விட்டுவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிகளை அப்படித்தான் சொல்வோம். ஒறம்பரைகள் வந்தார்கள், கிணற்றில் குளித்தார்கள், போனார்கள். அறைக்குள் மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டை குடியேறியது. நான் பிறந்ததிலிருந்து அதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் அது 'தொரை ரூம்'தான். புதிதாக வருகிற எவரையும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தாமல் அப்பா வீட்டுக்குள் விட்டதில்லை. "தொரை குளிச்ச ரூமுங்க" என்பார். வந்தவர் மூட்டைகளைப் பார்த்து, "அப்படீங்களா" என்று தலையை ஆட்டுவார். இருவருக்கும் திருப்தி.

பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டுக் கோயமுத்தூர் விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்த எனக்கு அந்த அறை வேறு விதத்தில் பயன்பட்டது. மூட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்து படித்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாசலில் அப்பாவும், கோயமுத்தூரில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக் கணக்குப்பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா நெனைக்கக் கூடாதுங்க" என்று கணக்குப்பிள்ளை ஆரம்பித்தார். எங்கள் ஊர்களில் இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்ல செய்தியாக முடிந்ததில்லை. "கட்டுச்சோறு கொண்டாந்தீங்கன்னா தாராளமாச் சாப்புட்டுக்கலாங்க. பொண்ணைக் கூட்டீட்டுப் போறது மட்டும் வேண்டாம்னு மாமியாரம்மா சொல்றாங்க."

"ஏனுங்க, நாங்க என்ன கொறை வெச்சோம்?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குளிக்கறதுக்கு மறைவா ஒரு எடம் இல்லீங்களாமா. புள்ளை பெத்த ஒடம்போட அந்தத் தடுக்குக்குப் பின்னால நிக்க வெச்சா காத்துப் பூந்துக்கும்னு சொல்றாங்க. எங்கூட்டுல கொழாயே ரூமுக்குள்ள வருதுங்களே."

கட்டுச்சோறு என்பது தலைச்சன் பிள்ளைக்காக நடப்பது. பெண் வயிற்றில் பிள்ளையோடு மாதம் ஏறும்போது, பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். சோற்றை வைத்துக்கொண்டு பெண்ணை அனுப்பாமல் விடுவது ஊர் முன்னால் செருப்பால் அடித்த மாதிரி. அப்பாவுக்கு வலித்தது அந்த அடி. எனக்கு வலித்தது வேறு. விடுதியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். கடைசியாகப் போனபோது அவள் என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "எனக்கு இங்க பயமா இருக்குது கண்ணு. அம்மா பக்கத்துல இல்லாட்டி நான் பொழைக்கமாட்டேன்னு தோணுது. எப்படியாச்சும் கூட்டீட்டுப் போகச் சொல்லு" என்றாள். அந்த வீட்டில் குழாய் அறைக்குள் வந்தது உண்மை. அவளோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வரவில்லை.

அக்காவின் மாமியாரை எனக்குப் பிடிக்காது. பருத்தி அரவை ஆலை வைத்துப் பணம் பார்ப்பதற்கு முன்னால் அவர் வாய்க்கால் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர் என்பது எங்கள் உறவுக்கெல்லாம் தெரியும். சிறுவாணித் தண்ணீர் நகரத்துக்குள் வந்ததிலிருந்து அதை அவரே மலையிலிருந்து சுமந்து கொண்டுவந்த மாதிரி பேசுவார். ஆனால் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் குளிக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில். இரண்டு பக்கம் தென்னந்தடுக்கு. ஒரு பக்கம் சுவர். நான்காவது பக்கம் போகிற வருகிறவர்களின் நல்ல மனசு. அதனால் பெண்கள் விடிவதற்கு முன்னால் குளித்துவிட வேண்டும். ஆண்கள் எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், எத்தனை பேர் பார்க்க வேண்டுமானாலும் குளிக்கலாம். இந்த ஏற்பாட்டில் குறை இருப்பதாகச் சொன்ன ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதையெல்லாம் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான்கு சுவரும் ஒரு கதவும் ஓட்டுக் கூரையும் என்னைச் சுற்றி நிற்பதைப் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளையின் வண்டி வாசலைத் தாண்டியதும் அப்பாவிடம் போனேன்.

"தொரை ரூமையா?" என்றார் அப்பா. "அது ஒறம்பரைக்குன்னு கட்டுனது அம்மணி."

"கட்டிக் குடுத்த பொண்ணு ஒறம்பரைதானுங்களேப்பா."

அப்பா மூட்டைகள் பக்கம் திரும்பினார். "அப்பறம் பருத்திக்கொட்டையை எங்க வெக்கறது?" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உங்க கட்டலுக்கடியில வெச்சுக்குங்க. எலி வந்தா நீங்களே பாத்துக்கலாம்."

இப்படியாக அறையைக் குளிக்கிற மாதிரி ஆக்க எனக்குப் பத்து ரூபாய் கிடைத்தது. அதை அப்பா கொடுத்த விதத்தைப் பார்த்தால் ஒரு கிராமத்தையே எனக்கு இனாமாக எழுதி வைத்தவர் மாதிரி இருந்தது. அதற்கு மேல் தம்பிடி கேட்கக் கூடாது, வேலை முடிந்ததும் அறைக்குத் தொரை ரூம் என்கிற பேர் மாறக் கூடாது, இரண்டும் நிபந்தனை. பேரில் என்ன இருக்கிறது என்று நானும் ஒத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

மூட்டைகளை வெளியேற்றியபோது உள்ளே தெரிந்தது என்னவென்றால், அப்பா இத்தனை வருஷமாக எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்ட அறையில் மனிதர் குளிக்க முடியாது. தரை ஒரு மூலையில் குழிந்து கிடந்தது. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. பருத்திக்கொட்டை ஓடிப்போகாமல் இருக்க அது சரி. ஜன்னல் மனிதர் மார்பு உயரத்தில், நேரே ஊர்ச்சாவடியைப் பார்த்தபடி இருந்தது. துரை குளிக்கும்போது ஊரைப் பார்க்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஊர் துரையைப் பார்க்கும் என்று நினைக்கவில்லை.

கொத்துக்காரர் வந்தார். வந்தவுடன் சுவரைத் தடவி, "எங்கப்பன் கட்டுனதுங்க. இப்ப எவன் கட்டறான் இப்படி" என்றார். சுவரிலிருந்து அவர் கையோடு ஒரு பிடி காரை வந்தது. அதைப் பின்பக்கமாகக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டார்.

பெரிய சண்டை தண்ணீர் போகிற வழியைப் பற்றி வந்தது. எங்கள் வீட்டு நிலம் தென்மேற்கில் தென்னைகளைப் பார்த்துச் சரிகிறது. குழந்தைக்குக்கூட அது தெரியும். ஆனால் சாஸ்திரப்படி வீட்டுத் தண்ணீர் வடகிழக்கே, எங்கள் பக்கத்தார் சனி மூலை என்று சொல்கிற மூலைக்குத்தான் போக வேண்டும். கொத்துக்காரரின் தகப்பனார் ஓட்டையைச் சனி மூலையில் வைத்தார். தண்ணீர் சாஸ்திரம் படிக்காததால் எதிர் மூலையில் போய்த் தேங்கியது. இப்போது மகனும் அதே ஓட்டையைத்தான் பெரிது பண்ணப் போகிறேன் என்றார்.

"பெரிசு பண்ணுனா தண்ணி மேட்டுல ஏறீருங்களா?" என்று கேட்டேன்.

"ஓட்டை சின்னதா இருந்ததுதானுங்க கோளாறு. அம்மணிக்குப் படிப்பு இருக்குது. இது வேற சங்கதிங்க."

அப்பா நடுவில் புகுந்தார். எங்கள் இருவரையும் சமாதானம் செய்கிற உற்சாகத்தில் அவர் ஒரு வார்த்தை தவற விட்டார். "அட, தேங்குனது நெசந்தானப்பா. நான் அப்பப் பொடியன். முந்துன நாளு ஊத்திப் பாத்த தண்ணி கொளமாட்டம் நின்னுபோச்சு. தொரை வாசப்படியில நின்னு எட்டிப் பாத்துப்போட்டு, அவரு கொண்டாந்த தகரப் பேசின்லயே மூஞ்சி கழுவீட்டுப் போயிட்டாரு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இத்தனை தலைமுறைப் பெருமையும் ஒரு மூஞ்சி கழுவலில், அதுவும் வேறு இடத்தில் நடந்த மூஞ்சி கழுவலில் நின்றுகொண்டிருக்கிறது. அப்பா சொன்னதை உணர்ந்து, "அது கெடக்குது, வேலையைப் பாருங்க" என்று வெளியே போய்விட்டார்.

சாஸ்திரத்தோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. வேறு வழி கண்டுபிடித்தேன். தரையைக் கல்லும் செங்கல்துண்டும் போட்டு உயர்த்தி, அறைக்குள் தண்ணீர் சனி மூலைக்கே போகும்படி சாய்த்தோம். ஓட்டையை விட்டு வெளியே வந்த பிறகு அதைச் சுவரோரமாகவே ஒரு கால்வாயில் திருப்பி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் தென்னைக்குக் கொண்டுபோய் விட்டோம். சுவருக்குள் சாஸ்திரம், சுவருக்கு வெளியே புத்தி. கொத்துக்காரர் முதல் செம்புத் தண்ணீர் ஓடியதைப் பார்த்துவிட்டு, தென்னைமரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "நான் மொதல்லயே இப்படித்தான் நெனச்சேனுங்க" என்றார். அப்பா நம்பினார். ஆண்பிள்ளை சொன்னால் அப்பா எதையும் நம்புவார்.

பத்து ரூபாயில் சிமிட்டி அரை மூட்டைதான் வாங்க முடிந்தது. அதை மேல்பூச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் சுண்ணாம்பும் செங்கல்பொடியும் கடுக்காய்த் தண்ணீரும் போட்டு இடித்தோம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். வெளிச்சத்துக்குக் கூரை ஓடு ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு ஒன்று செருகினோம். தாழ்ப்பாளைப் பிடுங்கி உள்பக்கம் அடிக்கச் சொன்னேன். "வெளியிலயும் ஒண்ணு இருக்கட்டும் அம்மணி" என்றார் அப்பா. எதற்கு என்று கேட்டேன். குளிப்பவளை உள்ளே வைத்துப் பூட்டவா என்றும் கேட்டேன். "பின்னால கொட்டை வெக்க வேண்டியிருந்தா" என்றார். இன்னும் அக்கா வரவில்லை, பிள்ளை பிறக்கவில்லை, அதற்குள் மூட்டைகளின் எதிர்காலம் அவருக்குக் கண்ணில் தெரிந்தது.

கடைசியில் குழாய். கோயமுத்தூர் அம்மாளின் வாயை மூட அது வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். சிறுவாணியை எங்கள் ஊருக்குக் கொண்டுவர என்னால் முடியாது. மண்ணெண்ணெய் டின் ஒன்றை நன்றாகக் கழுவி, அவிநாசியில் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து அடியில் ஒரு பித்தளைக் குழாய் வைத்துப் பற்றவைத்து வாங்கி வந்தேன். அறையின் வெளிச்சுவரோரம் வெந்நீர் அடுப்பு, அதற்கு மேல் மேடையில் அண்டா. டின்னை வெளிச்சுவரில் உயரமாகப் பொருத்தினோம். அண்டாவிலிருந்து அதில் ஊற்றினால் சுவர் வழியாக உள்ளே குழாயில் வெந்நீர் வரும். ஊற்ற ஆள் வேண்டும். ஊற்றுகிற ஆள் உள்ளே குளிக்கிறவர் கண்ணில் படமாட்டார். பணக்கார வீட்டுக் குழாயிலும் யாரோ எங்கேயோ நமக்காகப் பாடுபடுவது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மாடத்தில் எண்ணெய், ஒரு மாடத்தில் தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள், உட்கார ஒரு பலகை. சுவருக்குச் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்ததும் எனக்கே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு நிற்க ஆசையாக இருந்தது. நின்றேன். எங்கள் வீட்டில் பட்டப்பகலில் குளித்த முதல் பெண் நான்தான்.

அதற்குப் பிறகு அப்பா அதை ஊருக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார். தோட்ட வேலைக்குத் தடத்தில் போகிற சம்சாரிகளைக் கூப்பிட்டு, குழாய்க்கு முன்னால் நிறுத்தி, "திருப்பிப் பாருங்க" என்பார்.

"இருக்கட்டுங்க."

"அட, சும்மா திருப்பிப் பாருங்க."

"இருக்கட்டுங்க, நம்ம கைபட்டு என்னமோ ஆகிப்போச்சுன்னா."

"ஒண்ணும் ஆகாதுங்க, திருப்புங்க."

இந்த மரியாதை கால்மணி நேரம் நடக்கும். கடைசியில் வந்தவர் திருப்புவார். தண்ணீர் வரும். இருவரும் அதைக் கங்கையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். டின்னை மறுபடி நிரப்புவது நான். குளித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குத்தான் போயிருப்பார்கள்.

குளியலறை தயார் என்று கோயமுத்தூருக்குச் சொல்லியனுப்பினோம். அக்காவின் மாமியார் தானே வந்து பார்ப்பதாகப் பதில் சொன்னார். ஒரு நாள் காலை மோட்டார் வண்டியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். அந்த வண்டியில் அக்காவையும் கூட்டி வந்திருக்க இடம் இருந்தது. கூட்டி வரவில்லை.

"வாங்க வாங்க சம்மந்தி" என்று அம்மா ஓடினார். "ஒடம்பு எளச்சாப்ல தெரியறீங்களே."

"எங்கீங்க எளைக்கறது. நீங்கதான் கறுத்துட்டீங்க. வெயில்ல நிக்கறீங்களோ?"

இப்படி ஒருவரையொருவர் இதமாகக் குத்திக்கொண்டே அறைக்கு வந்தார்கள். அந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். கூரைக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். காலால் தரையைத் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்தார். பிறகு குழாயைத் திருப்பி வெந்நீரில் கையை நீட்டினார். நான் வெளியே டின் பக்கத்தில் நின்றபடி கதவு வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறை தேடி வந்து குறை கிடைக்காத முகம். அதைப் பார்க்கப் பத்து ரூபாய் என்ன, நூறு கொடுத்திருப்பேன்.

"பரவால்லீங்களே" என்றார். "யாரு செஞ்சது?"

"சின்னவதானுங்க" என்றார் அம்மா.

"படிச்சவ இல்லீங்களா. அடுப்பு வெளிய வெச்சது நல்லதாப் போச்சு, பொகை வராது. ம். அப்பச் சரிங்க. வளர்பிறையில நாள் பாத்துக்கலாம்."

நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்தது. முடிந்திருக்க வேண்டும். அப்பா அப்போது அறைக்குச் சற்றுத் தள்ளி, பெண்கள் பேசுகிற இடத்துக்குள் வராமல், மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். அப்படியே நின்றிருக்கலாம்.

"சாதாரண ரூம் இல்லீங்க இது" என்றார் அங்கிருந்தபடியே. "சப் கலெக்டர் தொரை குளிச்ச ரூமுங்க."

அந்த அம்மாளின் கை குழாய்க்கு அடியில் அப்படியே நின்றது. "தொரைங்களா?"

"ஆமாங்க. வெள்ளைக்காரத் தொரை. எங்கய்யன் காலத்துல. நீங்க நிக்கறீங்களே, அதே எடத்துலதான் அவரும் நின்னாரு."

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி. வெளியே வந்து கையைச் சேலையில் துடைக்கப் போனவர், துடைக்காமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, மாட்டுக்கறி திங்கறவன் குளிச்ச எடத்துலீங்களா என்ற மருமகளைப் புள்ளை பெத்த ஒடம்போட ஒக்கார வெக்கறது?"

இந்த அம்மாள் வீட்டுப் பஞ்சை வாங்குகிறவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள். அவர் வந்த மோட்டாரும் அந்தப் பணத்தில் வாங்கியதுதான். அந்தப் பணத்தில் மாட்டுக்கறி வாடை அடித்ததாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வாதம் செய்து இவர்களை வென்றவர்கள் கிடையாது என்று எனக்குத் தெரியும். உண்மை ஒன்று என் கையில் இருந்தது. அதை எடுத்தேன்.

"அத்தை, தொரை குளிக்கவே இல்லீங்க. எட்டிப் பாத்துப்போட்டு அவரோட பேசின்ல மூஞ்சி கழுவீட்டுப் போயிட்டாருங்க. காலடி கூட உள்ள வெக்கலீங்க." அப்பாவைப் பார்த்தேன். "நீங்கதானுங்களேப்பா கொத்துக்காரர்கிட்டச் சொன்னீங்க. சொல்லுங்க."

அப்பா சொன்னால் போதும். இல்லை, அவர் குளிக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வருவாள். அவ்வளவுதான் வேண்டியது. வாசலில் அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓட்டி வந்தவர் கூடக் கேட்டுக்கொண்டு நின்றார். தடத்தில் போன இரண்டு சம்சாரிகளும் நின்றிருந்தார்கள். அப்பா அவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். அவர்களுக்குத்தான் போன வாரம் குழாயைக் காட்டியிருந்தார்.

"நீ பேசாம இரு அம்மணி" என்றார் அப்பா. "குளிச்சாரு. சோப்புப் போட்டே குளிச்சாரு. என்ற கண்ணால பாத்தேன்."

சோப்பு புதிது. அதுவரை அந்தக் கதையில் சோப்பு இருந்ததில்லை.

ஒரு மனிதர் தன் மகள் வீட்டுக்கு வருவதை விட, எப்போதோ வந்துபோன யாரோ ஒருவரின் குளியலைப் பெரிதாக நினைக்க முடியும் என்று நான் பாடத்தில் படித்ததில்லை. அன்று வாசலில் பார்த்தேன். அவர் மேல் எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. அதற்குப் பதில் வந்தது மரியாதை இல்லை.

"பரவால்லீங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மாள் மிகவும் பணிவாக. "பொண்ணு எங்கூட்டுலயே இருக்கட்டும். இப்ப எனக்குத் தலைக்கு ஊத்தாமச் சோறு எறங்காதுங்க. எங்கயாச்சும் ரெண்டு கொடம் தண்ணி வேணும்."

பொடக்காளித் தடுக்கு வேண்டாம் என்று அவரேதான் சொல்லியிருக்கிறார். கிணற்றுக்குப் பெண்பிள்ளை போக முடியாது. இந்த அறை துரை தொட்டது. அவர் வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் கட்டுத்தரை கண்ணில் பட்டது. மாடுகள் கட்டுகிற நீளமான கொட்டகை. பின்சுவரும் இரண்டு பக்கச் சுவரும் உண்டு. அடியில் முழுக்கக் கல் பாவியிருக்கும். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குத்தான் முதலில் கல் போடுவார்கள்.

"அங்க ஆகுங்களா?" என்றார்.

"அய்யோ, மாட்டுக்குப் பக்கத்துலீங்களா?" என்று அம்மா திணறினார்.

"மாடு லச்சுமிங்க. அதுக்கென்ன."

நானும் அம்மாவும் முன்பக்கத்தை மறைத்து ஒரு சேலையைக் கட்டினோம். வெந்நீர் அதே அண்டாவிலிருந்துதான் கொண்டுபோனேன். நெருப்பில் காய்ந்த தண்ணீருக்குத் தீட்டில்லை என்று அவர் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு பசு, அந்தப் பக்கம் ஒரு கன்றுக்குட்டி. அந்த அம்மாள் நடுவில் கல்லில் உட்கார்ந்து, நான் ஊற்ற ஊற்ற, கண்ணை மூடிக்கொண்டு குளித்தார். சிறுவாணிக் குழாய்க்கு அடியில் இவ்வளவு சுகமாக அவர் குளித்திருக்கமாட்டார். பசு அவர் தோளை ஒரு முறை நக்கியது. அவர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் அரப்பைத் தேய்த்தபடி. "காத்தே அடிக்கல பாருங்க. தண்ணி எங்கயும் நிக்காம ஓடுது."

ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினேன். அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிற பார்வை. நான் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

"அப்ப அக்காவை இங்க குளிக்க வெச்சா ஆகுங்களா, அத்தை?"

அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். "கட்டுத்தரையிலயா? நல்ல கதை. மாடு வந்து முட்டறதுக்கா?"

"மாடு வராம குறுக்க ஒரு செவுரு வெச்சு, முன்னால ஒரு கதவும் போட்டா?"

"செவுரும் கதவும் இருந்தா அப்பறம் என்ன அம்மணி. பசு நின்ன எடத்துக்குத் தோஷம் சொல்ல நான் யாரு."

"சொல்லிப்போட்டீங்க" என்றேன். "அம்மா கேட்டுட்டு இருக்காங்க."

அவர் வாயைத் திறந்தார். அரப்பு நுரை உள்ளே போயிருக்க வேண்டும். துப்பிவிட்டு, என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான். ஆனா கட்டுச்சோத்துக்கு முன்னால முடியோணும். பாதிச் செவுத்துக்கெல்லாம் நான் பொண்ணை அனுப்பமாட்டேன்." நல்லவர் என்று நான் சொல்லவில்லை. சொன்ன சொல்லை விழுங்கினால் உறவுக்குள் தலை நிமிர முடியாது என்கிற பயம் அவருக்கும் உண்டு. அந்தப் பயத்தை நம்பி நான் இறங்கியிருக்கிறேன்.

வளர்பிறைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பத்து ரூபாயில் மீதி எதுவும் இல்லை. தோட்டத்துச் சாளை வீட்டின் இடிந்த சுவரில் நல்ல செங்கல் நிறைய இருக்கிறது. அம்மா அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கதவு வாங்க வழி இல்லை, அதற்கு நெல்லுக் குதிரின் பழைய பலகைகளை யோசித்து வைத்திருக்கிறேன். கொத்துக்காரர் நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாஸ்திரம் பேசினால் அனுப்பிவிட்டு நானே கொத்துக்கரணை பிடிக்கிறது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டுத்தரையில் அடைக்கத் தோதான கடைசிப் பத்தியில், பக்கச் சுவரோரம், அப்பாவின் காங்கேயம் பொலிகாளை கட்டியிருக்கிறது. அதை அப்பாவைத் தவிர வேறு யாரும் அவிழ்த்ததில்லை. அது யாரையும் கிட்டே விட்டதும் இல்லை. அப்பாவிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கப் போவதில்லை. நாளைக்கு அவர் சந்தைக்குக் கிளம்பியதும், ஒரு கூடை பருத்திக்கொட்டையை ஆட்டி எடுத்துக்கொண்டு போய், மூக்கணாங்கயிற்றை நானே பிடித்து அவிழ்த்துப் பார்க்கிறேன்.